வேதம் கிரேக்கம் பேசிய துறைமுகம்

அடுப்படி மிளகுக்கும் கையிலுள்ள வேதாகமத்துக்கும் உறவுள்ள ஓர் ஊர் உண்டு. எகிப்து தேசத்துக் கடற்கரையிலுள்ள அலெக்சாந்திரியாவே அது.

கி.மு. 331-ல் மகா அலெக்சாந்தர் இதற்கு அஸ்திவாரமிட்டார். பின்னர் தாலமி வம்ச அரசர்களுக்கும், கி.மு. 30 முதல் உரோமைத் தேசாதிபதிகளுக்கும் இது தலைநகராயிருந்தது. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல், நைல் நதி வழியாய் இங்கு வந்து, உரோமைக்குக் கப்பலேறிற்று.

இந்நகரில் திரளான யூதர் குடியிருந்தனர். தலைமுறைகள் செல்லவே, அவர்கள் பிள்ளைகள் கிரேக்கம் பேசினர், எபிரேயம் மறந்தனர். வேதம் வாசிக்கக் கேட்டும் பொருள் விளங்காத நிலை வந்தது. ஆகையால் கி.மு. 3-ம் நூற்றாண்டில் அதைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். ‘எழுபதின்மர் மொழிபெயர்ப்பு’ என்பது இதுவே. சுவிசேஷகரும் அர்ச். சின்னப்பரும் பழைய ஏற்பாட்டு வாக்கியங்களைப் பெரும்பாலும் இதிலிருந்தே எடுத்தாண்டனர்.

கி.பி. 7-ம் நூற்றாண்டில் அராபியர் எகிப்தைக் கைப்பற்றியபின் தலைநகர்ப் பெருமை நீங்கிற்று. மொழிபெயர்ப்போ நிலைத்தது.

நமக்கு வேதம் தமிழிலேயே இருக்கிறது. இன்றிரவு ஜெபமாலைக்குப்பின் ஓர் அதிகாரம் வாசித்து, “விளங்கிற்றா?” என்று பிள்ளைகளைக் கேட்போமாக.