கைப்பேசி உலாவியில் தானியங்கிச் சோதனை

விருத்தாசலத்துப் பீங்கான் பொருள்களை விற்பதற்கான இணையச் செயலியைச் சேத்தியாத்தோப்பிலிருந்து உருவாக்கும் அன்பர்கள், கணினித் திரையைச் சுருக்கிப் பார்த்துத் திருப்தியடையாமல், உண்மையான ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே, ஆப்பியம் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு சோதிப்பதே சிரேஷ்டமாகும். அமைப்புகளில் பில்ட் எண்ணை 7 முறை தட்டி, டெவலப்பர் பகுதியில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் கணினியுடன் இணைத்தபின், கைப்பேசியிலுள்ள குரோம் உலாவியின் பதிப்புக்கு இசைந்த, அவ்வுலாவியை இயக்கும் குரோம்டிரைவரை அமர்த்துவது அத்தியாவசியம். குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் சோதனைகள் யாவும் ஸ்தம்பித்து நிற்பதற்குப் பெரும்பாலும் இப்பொருத்தமின்மையே காரணம். சோதனை நிரலில், இத்தனை விநாடி சும்மா இரு என்று கட்டளையிடாமல், ‘வாங்கு’ பொத்தான் தோன்றும்வரை காத்திரு என்று எழுதினால், வெள்ளாற்றங்கரையில் சிக்னல் க்ஷீணிக்கும் வேளையிலும் சோதனை வீணே தோற்காது. முகவரியைத் தட்டும்போது விசைப்பலகை மேலெழுந்து அப்பொத்தானை மறைக்கிறதா என்பதை மட்டும் கருவியிடம் ஒப்படைக்காமல் கண்ணாலேயே காண்க.