கருப்பட்டியும் சர்க்கரையே: வீட்டில் செய்யும் நுங்குப் பழக்கலவை

கோடைக் காலத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சாலையோரங்களில் நுங்கு குவிந்திருக்கும். மிட்டாய்க் கடைகளிலோ கருப்பட்டி மிட்டாய் ஆண்டு முழுவதும் கிடைக்கும். நோயாளியைக் காண வரும் உறவினர்கள் பெரும்பாலும் பின்னதையே வாங்கி வருகின்றனர். "சீனி இல்லை, கருப்பட்டிதானே, சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது" என்றும் கூறுகின்றனர். இந்த நம்பிக்கை அன்பில் பிறந்ததாயினும் தவறானது.

பதநீரைக் காய்ச்சிப் பெறும் கருப்பட்டியில் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். மேலும், கருப்பட்டி மிட்டாய் என்பது அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறவைப்பது. ஆகவே மாவுப்பொருள், எண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றும் ஒருசேர உடலில் சேர்கின்றன. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டிக்குள், நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. கருப்பட்டி, வெல்லம், தேன் அனைத்தும் இக்கணக்கில் அடங்கும்.

அப்படியாயின் இனிப்பே கூடாதா? பழத்தின் இனிப்பை அளவோடு உண்ணலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் தெருக்கடைகளில் 'ஹாலோ-ஹாலோ' என்னும் குளிர் இனிப்பு புகழ்பெற்றது. 'கலவை' என்பது அதன் பொருள். துருவிய பனிக்கட்டி, பழத்துண்டு, பயறு, பால் ஆகியவற்றுடன், பாகில் ஊறிய ஒருவகைப் பனையின் இளங்கொட்டையும் அதில் சேரும். பாகை நீக்கி, நம் நுங்கைச் சேர்த்து அதனை எளிதாகச் செய்யலாம்.

நால்வருக்குத் தேவையானவை

இளநுங்குச் சுளை 8, நடுத்தரக் கொய்யா 1, மாதுளை முத்து அரைக் கிண்ணம், காய்ச்சி ஆறவைத்த பால் 200 மில்லி, திருநீற்றுப்பச்சை விதை 1 தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை.

செய்முறை

1. விதையை ஒரு குவளை கொதித்து ஆறிய நீரில் அரை மணி நேரம் ஊறவைக்கவும்.
2. கைகளையும் பழங்களையும் நன்கு கழுவவும். நுங்கின் மேல்தோலை உரித்துச் சிறு துண்டுகளாக்கவும். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருப்பதே இளநுங்கு. முற்றியது எளிதில் செரிக்காது.
3. கொய்யாவை விதை நீக்கி நறுக்கவும்.
4. அனைத்தையும் கலந்து, பாலும் ஏலக்காயும் சேர்த்துக் குளிர்விக்கவும். பனிக்கட்டி வேண்டுமெனில் கொதித்து ஆறிய நீரில் வீட்டிலேயே உறையவைக்கவும்.
5. செய்த அன்றே உண்ணவும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை உண்ண வேண்டா.

சர்க்கரை நோயாளிகள் ஒரு சிறு கிண்ணத்துடன் நிறுத்தி, அன்றைய பழ அளவில் இதனைக் கணக்கிட வேண்டும்.

யாருக்கு ஆகாது?

சிறுநீரக நோயாளிகளுக்குக் கொய்யா, மாதுளையில் உள்ள பொட்டாசியம் தீங்கு செய்யலாம். நுங்கிலும் பாலிலும் உள்ள நீரும் அவர்களின் அன்றாட நீர் அளவில் சேரும். மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். பக்கவாதத்துக்குப்பின் விழுங்க இடர்ப்படுவோருக்கு வழுக்கும் நுங்கும் விதையும் புரையேறும் ஆபத்தைத் தரும், கொடுத்தல் கூடாது. சிறு குழந்தைகளுக்கு நுங்கை மசித்தே கொடுக்கவும்.

இன்னொன்றையும் மறவாதீர். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்வையும் நடுக்கமும் தோன்றும்போது இக்கலவையோ மிட்டாயோ உதவாது. எண்ணெய்ப் பண்டம் மெதுவாகவே செரிக்கும். நோயாளி நினைவோடு இருந்தால் 3 தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துப் பருகச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வரவும்.

அடுத்த முறை நோயாளியைக் காண வரும்போது, மிட்டாய்ப் பொட்டலத்துக்கு மாற்றாக நான்கு நுங்கு வாங்கி வாருங்கள். அவருக்கு அது ஆகுமா என்பதைச் செவிலியரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.