பழைய மடிக்கணினியும் புதிய ரௌட்டரும்: அறுபடும் வைஃபை இணைப்பைச் சீர்செய்யும் முறை

வீட்டில் புதிய ரௌட்டர் பொருத்தப்பட்டபின் கைபேசிகளும் தொலைக்காட்சியும் சீராக இயங்க, பழைய மடிக்கணினி மட்டும் அடிக்கடி இணைப்பை இழக்குமாயின், அவ்விரண்டில் ஒன்று பழுதுபட்டிருப்பதாக முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறாகும். வைஃபையின் அடிப்படையான 802.11 என்னும் தரம் 2009இல் ‘என்’, 2013இல் ‘ஏசி’, 2021இல் ‘ஏஎக்ஸ்’ எனப் படிப்படியாக விரிந்து வந்துள்ளது. இவையே இன்று முறையே வைஃபை 4, 5, 6 எனப்படுகின்றன. புதிய ரௌட்டர் பழைய தலைமுறைகளோடும் பேசவல்லதாயினும், அதன் தொடக்க அமைப்புகள் புதிய கருவிகளை எண்ணியே வகுக்கப்பட்டிருப்பதால், அவற்றை அறியாத காலத்து டிரைவர் மென்பொருளைக் கொண்ட மடிக்கணினி தடுமாறுகிறது. ஆகவே சீர்திருத்தத்தை ரௌட்டரின் அமைப்புகளிலிருந்து தொடங்குவதே முறை. எதற்கெடுத்தாலும் விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவும் வழக்கம் இவ்விடத்தில் பயனற்றது.

முதலில், அறுபடுவது வைஃபையா, அல்லது வீட்டுக்கு வரும் இணைய இணைப்பா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் ‘பிங்’ என்னும் கட்டளையை ரௌட்டரின் முகவரியோடு (பல வீடுகளில் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும்) இயக்கினால், மடிக்கணினி ரௌட்டருக்குச் சிறு செய்திகளை அனுப்பி மறுமொழியை எதிர்பார்க்கும். இணையதளங்கள் திறவாத வேளையிலும் மறுமொழி இடையறாது வருமாயின் வைஃபையில் குறையில்லை. இணையச் சேவை நிறுவனத்தையே அணுக வேண்டும். மறுமொழி நின்றுபோனால் கீழ்க்காணும் படிகள் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, சில மணி நேரமாவது கவனித்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

உலாவியில் ரௌட்டரின் முகவரியை இட்டு அமைப்புப் பக்கத்தில் நுழைந்ததும் முதலில் நோக்கத்தக்கது பாதுகாப்பு முறையாகும். புதிய ரௌட்டர்கள் பல, 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறையையும் முந்தைய டபிள்யூபிஏ2 முறையையும் கலந்து வழங்குகின்றன. டபிள்யூபிஏ3 முறை, பிஎம்எஃப் எனப்படும் பாதுகாப்பை, அதாவது இணைத்தல், துண்டித்தல் போன்ற நிர்வாகச் செய்திகளைப் பிறர் போலியாக உருவாக்காமல் காக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குகிறது. கலப்பு முறையிலோ அது விருப்பத் தேர்வாக முன்வைக்கப்பட, பழைய டிரைவர்கள் சில அதைத் தவறாகக் கையாண்டு இணைப்பை இழக்கின்றன. டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் என்பதை மட்டும் தேர்ந்தெடுப்பது இதற்குத் தீர்வாகும். டிகேஐபி, டபிள்யூஇபி ஆகிய பழைய முறைகளுக்கு இறங்குவது எக்காரணம் கொண்டும் கூடாது, அவை உடைக்கப்பட்டுவிட்டவை. முறையை மாற்றியபின், மடிக்கணினியில் சேமிக்கப்பட்ட பழைய இணைப்பை ‘ஃபர்கெட்’ எனக் கொடுத்து நீக்கி, கடவுச்சொல்லைப் புதிதாக இட வேண்டும்.

அடுத்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ வசதி. இதில் ரௌட்டர் தானாகவே ஒரு கருவியை ஓர் அலைவரிசையிலிருந்து துண்டித்து மற்றதற்கு ஏவுகிறது. புதிய கைபேசி இதைக் கணத்தில் ஏற்றுக்கொள்ள, பழைய மடிக்கணினியோ இதைப் பழுதாகக் கொண்டு நீண்ட நேரம் தவிக்கிறது. இவ்வசதியை நிறுத்தி இரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, மடிக்கணினியை ஒன்றில் மட்டும் நிலைநிறுத்தலாம். இடையே கான்கிரீட் சுவர்கள் இருப்பின் வேகம் குறைந்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸே தாங்கும்.

தடங்களின் தேர்வு பலரும் கவனியாத ஒன்று. ஒவ்வோர் அலைவரிசையும் எண்ணிடப்பட்ட தடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான தடங்கள் வானிலை ராடார் போன்றவற்றோடு பகிரப்படுவதால், ராடார் சமிக்ஞை தென்பட்டவுடன் ரௌட்டர் அத்தடத்தைவிட்டு விலகும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு விலகுகையில் பழைய மடிக்கணினி பின்தொடரத் தவறலாம், சில மடிக்கணினிகள் இத்தடங்களைக் காண்பதே இல்லை. ‘ஆட்டோ’ என்பதை நீக்கி 36 முதல் 48 வரையிலான தடங்களுள் ஒன்றைக் கொடுத்து, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸுக்கு மிகாமல் வைப்பது நலம். 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் 36இல் தொடங்கினாலும் 64 வரை நீண்டு ராடார் பகுதிக்குள் நுழைந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் போதும்.

இவற்றுக்குப் பின்னரே மடிக்கணினியின் பக்கம் வர வேண்டும். வைஃபை அட்டையின் டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ அட்டையை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தோ பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். இன்டெல்லின் பழைய அட்டைகள் சில, பழைய டிரைவரோடு இருக்கையில் வைஃபை 6 இணைப்பைப் பட்டியலிலேயே காட்டுவதில்லை. பின்னர் டிவைஸ் மேனேஜரில் அவ்வட்டையின் பண்புகளைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சக்தியைச் சேமிக்க அட்டையை அணைத்துவைக்கக் கணினிக்கு அளிக்கப்பட்ட அனுமதியை நீக்க வேண்டும். வெளி ஹார்டு டிஸ்க் செருகிய வேளைகளில் மட்டும் இணைப்பு அறுபட்டால், யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடுவதாகக் கொண்டு, டிஸ்க்கைத் தள்ளி வைக்கவோ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறவோ செய்யலாம்.

வீட்டின் பிற கருவிகளுக்காக டபிள்யூபிஏ3 முறையை விட்டுவிட விரும்பாதோர், ரௌட்டர் இடமளிக்குமாயின் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ ஒன்றை டபிள்யூபிஏ2 முறையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் உருவாக்கிப் பழைய மடிக்கணினிக்கு ஒதுக்கலாம். அதில் இணைந்த கணினி வீட்டு அச்சுப்பொறியைக் காணாமல் போகக்கூடும் என்பது அதன் குறை. எதுவும் பயன் தராவிடில் இரு அலைவரிசைகளையும் ஏற்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கலாம். ஆனால் அது மடிக்கணினியிலுள்ள விண்டோஸ் பதிப்புக்குரிய டிரைவரோடு வருகிறதா என்பதை வாங்குமுன் உறுதிசெய்ய வேண்டும். மேசையைவிட்டு நகராத மடிக்கணினிக்கோ, லேன் துளை இருக்குமாயின், டாங்கிளும் வேண்டியதில்லை. ரௌட்டரிலிருந்து இழுக்கப்படும் ஒரு லேன் கேபிளே சிக்கனமான, உறுதியான வழியாகும்.