ஔகாரம்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

இடைநிலைப்பள்ளி மாணவியர் இருவர் தமிழ்ப்பாட இடுபணிக்காக ஔவையாரைப் பற்றிக் கட்டுரை எழுதினர். ஆளுக்குப் பாதியாகக் கணினியில் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தனர். 'ஔவையார்' என்னும் பெயர் எத்தனை இடங்களில் வந்துள்ளது என்று அறிய, அவர்களுள் ஒருத்தி அதனைத் தேடிப் பார்த்தாள். அவள் எழுதிய பகுதியில் இருந்தவை மட்டுமே கிடைத்தன. தோழி எழுதிய பகுதியிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. கண்முன்னே தெரியும் பெயர் கணினிக்கு ஏன் தெரியவில்லை?

கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை; எழுத்துக்குரிய எண்ணையே பார்க்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் பொதுமுறை ஒருங்குறி, அதாவது யுனிகோட் எனப்படும். அதில் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. 'ஔ' என்னும் உயிரெழுத்தின் எண் 2964. 'ஒ' என்பதற்கு 2962. 'ள' என்பதற்கு 2995.

தோழி, 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்னும் இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டியிருந்தாள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், சரியாகத் தட்டிய 'ஔவையார்' ஏழு எண்களாகவும், தவறாகத் தட்டியது எட்டு எண்களாகவும் கணினியில் பதிவாகின்றன. ஆகவே, கணினிக்கு அவை இரு வேறு சொற்கள்.

உயிர்மெய் எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. 'மௌனம்' என்னும் சொல்லின் முதலெழுத்து, 'ம' என்பதையும் ஔகாரக் குறியையும் கொண்டது. அக்குறிக்கு 3020 என்னும் தனி எண் உண்டு. அதற்குப் பதிலாக 'மெ' என்று தட்டி 'ள' சேர்த்தால், அச்சொல் 'மெளனம்' என நான்கெழுத்துச் சொல்லாகிவிடும். கௌதமர், பௌர்ணமி, வௌவால் முதலிய சொற்களும் இவ்வாறே பிழைபடுகின்றன.

இப்பிழையால் விளையும் இடர்கள் பல. மின்னூலில் உள்ள சொல் தேடலில் அகப்படாது. அகரவரிசைப்படி அடுக்கும்போது, ஓகாரத்திற்குப் பின் வரவேண்டிய ஔவையார், 'ஒளி' என்னும் சொல்லின் அருகே போய் நிற்பார். பார்வையற்றோருக்காக உரையை வாசிக்கும் மென்பொருள், 'ஒ', 'ள' எனப் பிரித்து ஒலிக்கும். கேட்பவருக்குப் பொருள் விளங்காது.

சரியாகத் தட்டுவது கடினமன்று. தமிழ் 99 விசைப்பலகையில் ஆங்கில 'இசட்' எழுத்துள்ள விசையே 'ஔ' ஆகும். மெய்யெழுத்து விசையை அடுத்து அதனைத் தட்டினால் ஔகார உயிர்மெய் கிடைக்கும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில், ஒலிப்பு முறைப்படி ஆங்கில எழுத்துகளான 'ஏ', 'யூ' ஆகியவற்றை அடுத்தடுத்துத் தட்டினால் போதும்.

ஐயம் எழுந்தால் சோதிக்கவும் எளிய வழி உண்டு. எழுத்துக்குப் பின்னே சுட்டியை வைத்து, 'பேக்ஸ்பேஸ்' விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். முழு எழுத்தும் மறைந்தால் அது 'ஔ'. 'ள' மட்டும் மறைந்து 'ஒ' எஞ்சினால் அது பிழை.

மாணவியர் இருவரும் இவ்வாறே சோதித்துப் பிழையைக் கண்டறிந்தனர். 'தேடி மாற்று' வசதியைக் கொண்டு எல்லா இடங்களிலும் திருத்தினர். மீண்டும் தேடியபோது, கட்டுரை முழுவதிலும் இருந்த ஔவையார் அனைவரும் அகப்பட்டனர். தாளில் எழுதும்போது எழுத்துப்பிழை கண்ணுக்குத் தெரியும். கணினியிலோ சில பிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். விரல் சரியான விசையைத் தொட்டால்தான், இன்று எழுதும் தமிழ் நாளை தேடுவோர் கைக்கு எட்டும்.