பகா எண்கள்

உங்களிடம் 12 முறுக்கு இருக்கிறது. அவற்றைச் சமமான வரிசைகளாக அடுக்குங்கள். 2 வரிசை வைத்தால் வரிசைக்கு 6. 3 வரிசை வைத்தால் வரிசைக்கு 4. எதுவும் மிஞ்சாது.

இப்போ இன்னொரு முறுக்கு சேருங்க. மொத்தம் 13. 2 வரிசை? ஒன்று மிஞ்சும். 3 வரிசை? அப்பவும் ஒன்று மிஞ்சும். 5 வரிசை? மூன்று மிஞ்சும். எப்படி அடுக்கினாலும் சரியா வராது! ஒரே நீள வரிசையாகத்தான் வைக்கலாம்.

'பகு' என்றால் 'பிரி'. வாடாத மல்லி 'வாடாமல்லி' ஆவது போல, பகாத எண் 'பகா எண்' ஆகிறது. பார்த்தீங்களா, பெயரிலேயே பொருள் இருக்கிறது! 1-ஆலும் அதே எண்ணாலும் மட்டும் மீதியில்லாமல் வகுபட்டால், அது பகா எண். அதற்குச் சரியாக இரண்டு வகுத்திகள் உண்டு.

2, 3, 5, 7, 11, 13 ஆகியவை பகா எண்கள். 12 பகு எண். 1-க்கு ஒரே ஒரு வகுத்திதான். அதனால் அது இரண்டிலும் சேராது.

அம்மாவோ அப்பாவோ இலங்கையில் படித்திருந்தால், 'முதன்மை எண்' என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

சரி, இதனால் என்ன பயன்?

7-ஐயும் 13-ஐயும் பெருக்குங்கள். 91. சுலபம்தானே? ஆனால் 91-ஐ மட்டும் கொடுத்து, "இது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல்?" என்று கேட்டால், கொஞ்ச நேரம் தேடணும். கணினிக்கும் இப்படித்தான். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள இரண்டு பகா எண்களை அது நொடியில் பெருக்கிவிடும். விடையை மட்டும் கொடுத்தால், அந்த இரண்டையும் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் முடிவதில்லை.

பூட்டுவது சுலபம், திறப்பது கடினம்! 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூன்று பேர் இதை வைத்து ஒரு எண் பூட்டு செய்தார்கள். இணையத்தில் இரகசியங்களைக் காக்க இது இன்றும் உதவுகிறது.

செய்து பாருங்கள்

1. 20-க்கும் 30-க்கும் நடுவில் உள்ள பகா எண்கள் எவை?
2. 221 ஒரு பூட்டு. அதைத் திறக்கும் இரண்டு பகா எண்கள் எவை?
3. உங்க வீட்டு எண் பகுமா, பகாதா? ஏன் என்று வீட்டில் தமிழில் விளக்குங்கள்.

புதிய சொற்கள்

மீதி – வகுத்த பின் மிஞ்சுவது
வகுத்தி – ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்
இலக்கம் – 0 முதல் 9 வரை உள்ள எண்குறி