அலைக்கோபுரமும் அளவுகோலும்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் நாட்டுப் பழமொழி. “வெள்ளம் வருமுன் அணை போடு” என்பதும் நம் நாட்டுப் பழமொழியே. முன்னது வீண் அச்சம் கூடாது என்கிறது; பின்னது முன்னெச்சரிக்கை வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்க வேண்டிய இடம் ஒன்று இக்காலத்தில் தோன்றியுள்ளது. அதுவே தெருக்கோடியில் உயர்ந்து நிற்கும் கைப்பேசிக் கோபுரம்.

1995ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் நிகழ்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் நகரங்களிலும் சிற்றூர்களிலும் கோபுரங்கள் எழுந்தன. அவற்றுடன் அச்சமும் எழுந்தது. ‘இதனால் புற்றுநோய் வருமோ? குழந்தைகளுக்குத் தீங்கு நேருமோ?’ என மக்கள் வினவினர். இவ்வினாவை அறியாமை என்று இகழ்தல் தகாது. 1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டபோது அவற்றின் கொடுமையை உலகம் உணரவில்லை. அறிஞர் எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி தக்க காப்பின்றி அக்கதிர்களோடு பணிபுரிந்தார். கைகளில் ஆறாப் புண்ணுற்று, அவற்றை இழந்து, 1904இல் புற்றுநோயால் மாண்டார். ஆதலின், புதியதொரு கருவியைக் கண்டு ‘இது தீங்கு செய்யுமா?’ என்று கேட்பது குடிமக்களின் உரிமையாகும்.

இனி, அவ்வினாவுக்கு அறிவியல் கூறும் விடையைக் காண்போம். எக்ஸ் கதிரும் கோபுரத்தின் அலையும் மின்காந்த அலைகளே. ஆயினும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணத்தினர் ஆவதில்லை அன்றோ? எக்ஸ் கதிர் அணுவினின்றும் எலெக்ட்ரானைப் பெயர்த்தெறிய வல்லது. அதனால் உயிரணுவின் உட்பொருளையே சிதைத்துவிடும். கோபுர அலைக்கு அவ்வாற்றல் இல்லை. நாம் காணும் ஒளியினும் அதன் ஆற்றல் குறைவானது. அது மிகுந்த செறிவோடு உடலில் வீழ்ந்தால் உடல் சூடேறும். இதுவே ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட விளைவு.

எனினும் ஆராய்ச்சியாளர் இவ்வளவில் நின்றுவிடவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011இல் இவ்வலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்று ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையில் வைத்தது. கைப்பேசியை மிகுதியாகப் பயன்படுத்தியோரைப் பற்றிய அரைகுறைச் சான்றுகளே அதற்குப் பெரிதும் காரணமாயின. பின்னர், உலக நலவாழ்வு நிறுவனத்தின் வேண்டுகோளின்படி பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் குழு ஒன்று, கைப்பேசிப் பயன்பாட்டிற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என 2024இல் அறிவித்தது.

ஐயம் முற்றும் தீரும்வரை அரசு வாளா இருத்தல் ஆகாது. எனவேதான் வரம்புகள் வகுக்கப்பட்டன. உடலுக்கு ஊறு செய்யும் அளவு வெப்பம் உண்டாகும் நிலையைக் கண்டறிந்து, அதில் ஐம்பதில் ஒரு பங்கையே பொதுமக்களுக்குரிய எல்லையாகப் பன்னாட்டு ஆணையம் ஒன்று 1998இல் வகுத்தது. இந்தியா அதனை 2008இல் ஏற்றுக்கொண்டது. பின்னர் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து அதனையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகா ஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்த எல்லை 0.45 வாட் ஆயிற்று. நிறுவனங்கள் தம் கோபுரங்கள் வரம்பிற்கு உட்பட்டவை எனச் சான்று அளித்தல் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையினர் சிலவற்றைத் தெரிந்தெடுத்து அளந்து பார்ப்பர். மீறியோர் தண்டம் செலுத்துவர் என்றும் விதிக்கப்பட்டது. குடிமகன் ஒருவன் கட்டணம் செலுத்தித் தன் வீட்டருகே அளக்குமாறு கோருவதற்கு ‘தரங் சஞ்சார்’ என்னும் இணையவாயில் 2017இல் திறக்கப்பட்டது.

அளந்து பார்த்தால், நம் அச்சம் பலவேளைகளில் திசைமாறிச் செல்வது விளங்கும். கோபுரத்தின் அலை கலங்கரை விளக்கத்தின் ஒளிபோலப் பக்கவாட்டில் பாய்வது. அடியில் நிற்போர்மீது குறைவாகவே வீழும். தொலைவு இருமடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகும். கைப்பேசியோ நம் செவியோடு ஒட்டியிருப்பது! மேலும், அருகில் உள்ளவரோடு மெல்லப் பேசுகிறோம். தொலைவில் உள்ளவரைக் கூவி அழைக்கிறோம். கைப்பேசியும் அத்தகையதே. கோபுரத்தை ஊரைவிட்டு அகற்றினால், ஊரார் கையிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றும் முன்னிலும் வலிய அலையை வீசும். தீங்கை விரட்டினோம் என்று மகிழ்வோர், தாம் அஞ்சிய அலையையே தம் செவியருகில் பெருக்கிக்கொள்வர்.

ஆகவே, மாணவர்களே! கோபுரத்தைக் கண்டு அலறுதலும் வேண்டா. வரம்பு மீறுவோரைக் கண்டும் காணாதிருத்தலும் வேண்டா. அலை கண்ணுக்குத் தெரியாது; அளவியோ அதனைக் காட்டும். ஏட்டில் எழுதிய எல்லை தானே நம்மைக் காவாது. அளந்து பார்க்கும் அலுவலரும், அளவைக் கேட்டறியும் குடிமக்களும் உள்ள நாட்டிலேயே அது காவலாக நிற்கும்.