பத்து ரூபாய் சேமிப்பில் வீட்டுக்கு வரும் வள்ளுவரும் கண்ணகியும்



1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டம் ஆனது. கைநாட்டு வைத்த நாம் கையெழுத்துப் போடக் கற்றோம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பாஸ்புக் எல்லாம் படிக்கிறோம். ஆனால் நமக்காக, நம் மனசுக்காக ஒரு புத்தகம் படிக்கிறோமா?

கேட்டால், "அதெல்லாம் காலேஜ் படிச்சவங்களுக்கு", "அவ்வளவு காசு கொடுத்து யார் வாங்கறது?" என்று இரண்டு பதில் வருகிறது. இரண்டுமே சரியில்லை என்பதுதான் இந்த மாதப் பாடம்.

பழைய நூல் ஏன் மலிவாகக் கிடைக்கிறது?

ஒரு புத்தகத்தின் விலையில் காகிதம், அச்சுக்கூலி, கடைக்காரர் கழிவு, எழுதியவருக்குத் தர வேண்டிய பங்கு எல்லாம் அடங்கும். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். வள்ளுவர், இளங்கோவடிகள், கம்பர், ஔவையார் நூல்களுக்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. (பழைய பாட்டுக்கு இன்றைக்கு ஒருவர் உரை எழுதினால் அந்த உரைக்கு மட்டும் உரிமை உண்டு.)

இன்னொரு வழி, அரசே உரிமையை வாங்கி மக்களுக்குக் கொடுத்துவிடுவது. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. இதைத்தான் நாட்டுடைமை என்கிறோம். கல்கியின் நூல்களும் அப்படி ஆனவைதான். அதனால்தான் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் பல பதிப்பகங்கள் பல விலையில் விற்கின்றன. முதல் கடையில் சொன்ன விலைக்கே வாங்கிவிடாதீர்கள். சேலை வாங்க நாலு கடை ஏறுகிறோமே, புத்தகத்துக்கும் ஏறலாம்!

மலிவாக்கியவர்களின் கதை

திருக்குறள் முதலில் அச்சானது 1812-இல். அதுவரை ஓலைச்சுவடிதான். சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி, 1892-இல் பதிப்பித்தார். நூல் அழியாமல் தப்பியது. ஆனால் சாதாரண மக்கள் கைக்கு வர இன்னும் காலம் பிடித்தது.

சென்னையில் மர்ரே எஸ். ராஜம் என்றொருவர் இருந்தார். ஏல நிறுவனம் நடத்தியவர். 1950-களில் புலவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, சங்க நூல்கள், கம்பராமாயணம் போன்றவற்றைக் குறைந்த விலையில் வெளியிட்டார். விலையைக் குறைத்ததோடு அவர் நிற்கவில்லை. பழைய பாட்டில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வாசிக்கும்போது மூச்சு முட்டும். அவர் பதிப்பில் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் குறியும் போட்டு அச்சிட்டார்கள். வாங்க முடிந்தால் மட்டும் போதாது, வாசிக்கவும் முடிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மு. வரதராசனார் எழுதிய திருக்குறள் தெளிவுரையைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1949-இல் வெளியிட்டது. கைக்கு அடக்கமான அந்தச் சின்னப் புத்தகம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், டால்ஸ்டாய், கார்க்கி போன்ற ரஷ்ய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழில் மிகக் குறைந்த விலைக்கு விற்றது. 1991-இல் சோவியத் நாடு உடைந்ததும் அங்கிருந்து வந்த மலிவு நூல்கள் நின்றுபோயின.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. இங்கிலாந்தில் 1935-இல் பெங்குவின் நிறுவனம் நல்ல நூல்களை ஆறு பென்ஸுக்குக் கொண்டுவந்தது. அது அன்றைக்குப் பத்து சிகரெட் உள்ள ஒரு பாக்கெட்டின் விலை! நம் வீட்டு ஆண்கள் பீடி சிகரெட்டுக்கு மாதம் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓசூர் மண்ணிலிருந்து ஒருவர்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்தது பலருக்கும் தெரியும். அவர் மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்றும், ராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்றும் எல்லோருக்கும் புரிகிற சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

தத்துவத்தையும் அவர் விடவில்லை. கிரேக்க ஞானி சாக்ரடீஸைப் பற்றி எழுதினார். ரோமாபுரிப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தனக்குத்தானே எழுதிவைத்த சிந்தனைகளை 'ஆத்ம சிந்தனை' என்று தமிழில் தந்தார். தத்துவம் என்றால் பயப்பட வேண்டாம். "எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை? கோபத்தை என்ன செய்வது? சாவுக்குப் பயப்படணுமா?" என்று நாம் அடுப்படியில் யோசிப்பதைத்தான் அவர்களும் யோசித்தார்கள்.

எல்லைப் பகுதியில் நமக்கு ஒரு வசதி

தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் சகோதரிகள் ஏராளம். அது குறையில்லை, கூடுதல் சொத்து. தெலுங்கில் வேமனா, கன்னடத்தில் சர்வக்ஞர், தமிழில் வள்ளுவர் மூவருமே சின்னப் பாட்டில் பெரிய சேதி சொன்னவர்கள். 2009 ஆகஸ்டில் பெங்களூரு அல்சூரில் வள்ளுவர் சிலையும், சில நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். சிலையைப் பார்த்தால் போதுமா, பாட்டையும் படிக்க வேண்டாமா? ஒருவர் தமிழில் படிக்க, இன்னொருவர் தெலுங்கிலோ கன்னடத்திலோ அதற்கு இணையான பாட்டைச் சொன்னால், அதுவே ஒரு நல்ல கூட்டம்.

படித்து என்ன ஆகப்போகிறது?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரசவையில் வெறுமனே அழவில்லை. "என் சிலம்பில் மாணிக்கம்" என்றாள். ராணியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துக் காட்டி வழக்கை வென்றாள். அலுவலகத்தில் மனு கொடுக்கும் நமக்கு ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்று அவளை விட யார் சொல்ல முடியும்? மணிமேகலை பல சமயத் தத்துவவாதிகளிடம் போய் அவர்கள் கொள்கைகளைக் கேட்டறிந்த பெண். சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கியவள்.

எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. குறளில் கள்ளுண்ணாமை, சூது என்று 93, 94-ஆம் அதிகாரங்களைப் படித்தால் நம் தெருவைப் பற்றியே எழுதினது போல இருக்கும். ஆனால் 91-ஆம் அதிகாரம் பெண்வழிச் சேறல், மனைவி சொல் கேட்டு நடப்பவனைக் குறை சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, "இதை நாங்க ஒத்துக்க மாட்டோம்" என்று சொல்லலாம். நூலைப் படித்தவளுக்குத்தான் மறுத்துப் பேசவும் உரிமை!

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

• முழு நூலா, சுருக்கமா என்று அட்டையிலும் உள்ளேயும் பாருங்கள். திருக்குறள் என்றால் 133 அதிகாரம், 1330 குறள் இருக்க வேண்டும்.
• பாட்டு மட்டுமா, எளிய உரையும் உண்டா? முதலில் படிப்பவர்களுக்கு உரை கட்டாயம் வேண்டும்.
• எழுத்து மிகப் பொடியாக இருந்தால் வேண்டாம். ராத்திரி வேலை முடிந்து படிக்கப்போவது நம் கண்தான்.
• நடுவில் பிரித்துப் பாருங்கள். பக்கம் கழன்றால் அந்த மலிவு மலிவல்ல.
• வீடு தேடி வந்து, தவணையில் கனத்த புத்தக செட் விற்பவரிடம் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். குழுவில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசே இல்லாமலும் படிக்கலாம்

நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆக, நூலகம் யாரோ போடும் தானம் அல்ல, நாம் காசு கொடுத்த பொருள். சிறு தொகை கட்டி உறுப்பினர் ஆகுங்கள். ஊராட்சி நூலகக் கட்டடம் பூட்டிக் கிடந்தால், அடுத்த கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

வீட்டில் செல்போன் இருந்தால் இன்னும் எளிது. 1998 பொங்கலில் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் ஏராளம் உண்டு. கம்பெனி வேலைக்குப் போகும் மகளிடம் சொன்னால் இறக்கித் தருவாள்.

குழுவில் ஒரு சின்னக் கணக்கு

15 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் மாதம் 150, வருஷம் 1,800 ரூபாய். புத்தகத் திருவிழாக்களில் பொதுவாக 10 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். 100 ரூபாய் நூல் 90-க்குக் கிடைத்தால், வருஷத்துக்கு 20 நூல்! ஒருத்தியால் ஆகாதது, பதினைந்து பேரால் ஆகிறது. கடனுக்குச் சொல்லும் அதே பாடம்தான் இது.

இந்தப் பணத்தைச் சேமிப்போடு கலக்காமல் தனியே எழுதுங்கள். நூல் பதிவேடு ஒன்று போட்டு, எடுத்தவர் பெயர், தேதி, திருப்பிய தேதி குறியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்கு மற்றொருவர் வாசித்துக் காட்டட்டும். காதால் கேட்பதும் படிப்புதான்.

கூட்டத்தில் பேச:

1. நம் ஊர் நூலகம் எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறக்கிறது? யாராவது போனது உண்டா?
2. முதல் மூன்று நூல்களாக எவற்றை வாங்கலாம்? ஏன்?
3. மனைவி சொல் கேட்பது பற்றி வள்ளுவரிடம் நேரில் பேச முடிந்தால் என்ன சொல்வோம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒரே ஒரு நூலாவது குழுவின் டிரங்குப் பெட்டிக்குள் வந்து சேரட்டும்!